பதின்மூன்றாம் வாயில்

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் குடும்பநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையில் வரும் குடும்பங்களின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.)



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழை எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கவுன்சலிங்னு போட்டிருக்கே, இன்ஜினியரிங்கா, மெடிக்கலாம்மா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் கட்-ஆஃப், ரேங்க், எந்தக் கல்லூரியில் இடம் என்பதுதான். இரண்டாவது பொருள் ஆசிரியர்களின் பணியிட மாறுதல். நான் செய்யும் வேலை மூன்றாவதாகத்தான் வருகிறது. அதுவும் "கவுன்சலிங் குடுத்து அனுப்பிட்டாங்க" என்றால், உட்காரவைத்து நாலு புத்தி சொல்லி அனுப்பினார்கள் என்று அர்த்தம். இலங்கைத் தமிழர்கள் இதற்கு 'உளவளத்துணை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தி சொல்பவர் என்பது வேறு, துணை என்பது வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இன்று கொஞ்சம் பேசப் போகிறேன்.

கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் ஒருவர் வந்து உட்காருவது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியக் கற்பியலில் 'வாயில்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் ஊடல் வந்தால் இடையில் நின்று பேசக்கூடியவர்கள், மொத்தம் பன்னிருவர். தோழி, தாய் என்று வீட்டு மனிதர்கள் உண்டு. பாணர், விறலியர், கூத்தர் என்று ஆடிப் பாடுவோர் உண்டு. அறிவரும் உண்டு. விருந்தாளியையும் சேர்த்திருக்கிறார்கள், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வந்தவர் எதுவும் பேச வேண்டாம். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சமைக்க முடியாது. பட்டியலின் கடைசியில் கண்டோர், அதாவது வழியில் பார்த்தவர்கள். தெருவில் போகிறவருக்குக்கூட அந்தச் சமூகம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது.

மனிதர்களைப் போய் 'வாயில்' என்று கூப்பிட்டிருக்கிறார்களே என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வாயில் யாரையும் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதில்லை. நடக்க வேண்டியவர்தான் நடக்க வேண்டும். தலைவி வேண்டாம் என்றும் சொல்லலாம். 'வாயில் மறுத்தல்' என்று அதற்குத் துறையே இருக்கிறது.

ஆனால் பட்டியலில் ஒரு கோளாறும் உண்டு. பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பியவன் தலைவன். தூது வருகிறவர்கள் பெரும்பாலும் அவனுக்காக வருகிறவர்கள். சமாதானம் என்றால் அவள் கதவைத் திறப்பது என்றே பொருள். இந்தப் பழக்கம் அங்கிருந்து நேராக நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்து, "பொம்பள நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்பதில் உட்கார்ந்துவிட்டது. என்னைப் போன்றவர்கள் பதின்மூன்றாவது வாயில் என்று வைத்துக்கொண்டால், முதலில் கழுவ வேண்டிய கறை இதுதான்.

இன்று அந்தப் பன்னிரண்டு வாயில்களும் எங்கே? தாய் இருக்கிறார், வேறு ஊரில், வாட்ஸ்அப்பில். தோழிக்கு அவள் வீட்டுப் பாடே பெரிது. போன் பண்ணாமல் விருந்தாளி வருவதில்லை. அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரர் 'கண்டோர்' ஆகக்கூடாது என்பதற்காகவே கதவைச் சாத்திக்கொள்கிறார்.

காதலித்து, சாதி மாறி மணந்தவர்கள் பாடு இன்னும் மோசம். சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா ஆட்சி 1967இல் சட்டமாக்கியது. புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்தது. பெரிய உரிமை அது. ஆனால் அப்படி மணந்த இருவருக்கு நடுவே மூன்றாம் வருடம் சண்டை வந்தால், இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "நீயா தேடிக்கிட்டது, நீயே பாத்துக்க." எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து, ஐந்தாறு வருடம் வெளியில் சிரித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

எல்லா வாயிலும் அடைபட்ட வீட்டில் கடைசியில் ஒரே ஒரு வாயில் மிஞ்சும். அதற்கு எட்டு வயதிருக்கும். "சாப்பாடு வச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "எனக்குப் பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." மூவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். இருவருக்கு நடுவில் இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆள் ஒருவரை இழுத்து, அவர் தலையில் பாதிச் சுமையை ஏற்றிவிடுவது. சங்கப் பாடல்களிலும் மகனை வாயிலாக வைத்து ஊடல் தீர்வதுண்டு. அது குழந்தையைத் தூக்கி முத்தமிடும்போது கோபம் கரைகிற அழகு. நம் வீட்டுப் பிள்ளை செய்வது தபால்காரர் வேலை. ஒரு பையனிடம், வீட்டில் உனக்குப் பிடிக்காத சத்தம் எது என்று கேட்டேன். "சத்தமே இல்லாததுதான் ஆன்ட்டி" என்றான்.

பிள்ளையாலும் முடியாதபோது காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு மாநிலம் முழுக்க அவை வந்தன. குற்றத்தை விசாரிக்க வந்த இடத்தில் குடும்பச் சண்டை மனுக்கள் குவிந்தன. ஆய்வாளரின் மேசை பஞ்சாயத்துத் திண்ணை ஆனது. சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது போட்டு, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்புவார்கள். லத்தி வைத்திருக்கும் ஒருவர் முன்னால் எழுதிக் கொடுக்கும் அன்புக்கு எத்தனை நாள் ஆயுள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு குடும்ப நீதிமன்றம். சென்னையில் ஆந்திர மகிள சபாவை நிறுவிய துர்காபாய் தேஷ்முக், 1953இல் சீனா போய் வந்த பிறகு, குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று வலியுறுத்தினார். சட்டம் வருவதற்கு 1984 ஆயிற்று. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமை ஆக்குகிறது. 6ஆம் பிரிவில் ஆலோசகர்கள் வருகிறார்கள். வக்கீல் வைத்துத்தான் வாதாடுவேன் என்று யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது 13ஆம் பிரிவு. நடைமுறையில் கறுப்பு அங்கி இல்லாத நாளைக் குடும்ப நீதிமன்றத்தில் நான் பார்த்ததில்லை. என்றாலும் சட்டத்தின் நினைப்பு நல்ல நினைப்பு: இந்த வழக்குகளில் ஜெயித்தவர் என்று யாரும் இருக்க முடியாது.

இங்கே மூன்று வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீதிபதி தீர்ப்பு சொல்வார். சமரசர் இரண்டு தரப்பும் ஏற்கும் ஒப்பந்தத்துக்கு வழி பார்ப்பார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் அதற்கென்றே சமரச மையம் இருக்கிறது. ஜீவனாம்சம் எவ்வளவு, நகை யாரிடம், பிள்ளையை எந்தக் கிழமை பார்ப்பது என்பதெல்லாம் அங்கே. ஆலோசகரின் மேசைக்கு வருவது இதற்கெல்லாம் அடியில் கிடப்பது. அதற்கு மனுவில் இடம் இருக்காது.

ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது, இருவரும் கணினித் துறை. மனுவில் பதினொரு பக்கம் குற்றச்சாட்டு. பேசப் பேச எல்லாம் ஒரு சாவியில் வந்து நின்றது. மாமியாரிடம் வீட்டின் மாற்றுச் சாவி இருந்தது. அவர் நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வருவார். "சாவியை வாங்குங்க" என்பது அவள் கட்சி. "எங்கம்மாகிட்ட எப்படிக் கேப்பேன்" என்பது அவன் கட்சி. இதில் யார் சரி என்று இந்த அவையில் கை தூக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் கை எழும்.

நான் தீர்ப்பு சொல்லவில்லை. மூன்றாவது அமர்வில் அவளிடம், சின்ன வயதில் உங்கள் வீடு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். ஒரே அறையில் ஐந்து பேர். உடை மாற்றக்கூட ஒரு கதவு இருந்ததில்லை. பூட்டிக்கொள்ள ஒரு கதவுள்ள வீடு என்பது அவள் சம்பாதித்துச் சேர்த்த கனவு. அவன் அதுவரை அதைக் கேட்டதேயில்லை. பிறகு அவன் பேசினான். அப்பா இறந்த அன்று அம்மா உள்ளே தாழிட்டுக்கொண்டார். கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். அதிலிருந்து, அம்மாவுக்கு எதிராக ஒரு கதவு மூடுவது என்றாலே அவனுக்கு வயிற்றைப் பிசையும். நான்கு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே சாவியைப் பற்றிப் பேசியதே இல்லை.

முடிவு மிகச் சின்னது. சாவி அம்மாவிடமே இருக்கும். அழைப்பு மணியை அடித்துவிட்டு, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகு வர வேண்டும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருந்தால் வெளியே போய் இருவருமாகச் சேர்ந்து என்னைத் திட்டியிருப்பார்கள்.

இந்தத் துறையில் பெயர்பெற்ற ஆய்வாளர் ஜான் காட்மேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தம்பதிகளை உட்காரவைத்துச் சண்டையிடச் சொல்லி, நாடித்துடிப்பையும் முகபாவத்தையும் பல ஆண்டுகள் பதிவு செய்தவர். அவர் கண்டவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தம்பதிகளின் பிணக்குகளில் நூற்றுக்கு 69 தீராதவை. நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். ஒருவர் செலவாளி, ஒருவர் சிக்கனம். ஒருவருக்குக் கூட்டம் பிடிக்கும், ஒருவருக்குத் தனிமை. இது சாகும்வரை இருக்கும். வள்ளுவர் 133 அதிகாரங்களில் கடைசி மூன்றையும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று சண்டைக்கே ஒதுக்கினாரே, அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சண்டை போடுவதில் கெடுதல் இல்லை, போடும் விதத்தில்தான் என்கிறார் காட்மேன். நான்கு விதங்களை அவர் எச்சரிக்கிறார். நம் வீட்டு மொழியில் சொல்கிறேன். "பால் பொங்கிடுச்சு, பாத்துக்கக் கூடாதா" என்றால் அது வெறும் குறை, நான்கில் சேராது. "உங்க வீட்டு வளர்ப்பே அப்படித்தானே" என்றால் ஆளையே அறுப்பது. "ஆமா, இவரு பெரிய கலெக்டரு" என்பது இளக்காரம். "நான் மட்டுமா, நீ போன தீபாவளிக்கு என்ன பண்ண" என்பது தற்காப்பு. டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு பதிலே பேசாமல் இருப்பது மௌனச் சுவர். நான்கிலும் கொடியது இளக்காரம். பிரிவை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளில் அதுதான் முதன்மை என்பது அவர் கணக்கு. கோபத்தில் கத்தியவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவரின் உதடு ஓரமாகச் சுழிந்தால் எனக்கும் வயிறு கலங்கும்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை செய்தார்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது, கருவியில் கோளாறு, கொஞ்ச நேரம் இந்தப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அரை மணி கழித்துப் பேச்சைத் தொடர்ந்தபோது, அதே ஆட்கள் வேறு ஆட்களைப் போலப் பேசினார்கள். நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அடங்குவதற்கு இருபது நிமிடமாவது வேண்டும். நம்மிடம் இதற்கு 'ஆறப்போடு' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்ற பழமொழியும் இருக்கிறது. இரண்டும் சரிதான். இருபது நிமிடம் என்றால் ஆறப்போடுவது, இருபது நாள் என்றால் பழங்கஞ்சி.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இருவரும் பயமில்லாமல் பேசக்கூடிய வீடாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல, என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்கு வந்த புதிது. ஒரு பெண் வந்தாள், கைக்குழந்தையோடு. கணவரும் வந்திருந்தார், பணிவான மனிதர், என்னை "மேடம், மேடம்" என்றார். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். அவள் அதிகம் பேசவில்லை. தலையை ஆட்டினாள். எனக்குப் பெருமை, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்று. "ஒரு தடவை போய் இருந்து பாரும்மா" என்று அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. "அன்னைக்கு அவர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிம்மா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று அவளைத் தனியாக ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் போதும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். என் அறைக்கு வரும் ஒவ்வொரு மூன்றாவது பெண்ணும் அவளைப் போன்றவளாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இப்போது நான் நாற்காலி போடுகிறேன். முதல் அமர்வு தனித்தனியாகத்தான்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அதன்கீழ் 2006இல் வந்த விதிகளில் ஆலோசனைக்கென்றே சில வரையறைகள் உண்டு. அடித்தவர் அதற்கு நியாயம் சொல்ல ஆலோசனையில் இடம் கிடையாது. வன்முறை திரும்ப நடக்காது என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் இலக்கு. "அவ வாய் பேசினா, அதான் கை ஓங்கினேன்" என்று ஆரம்பித்தாலே நிறுத்தச் சொல்ல எனக்குச் சட்டம் துணை. அடி விழும் வீட்டில் 'இரண்டு பக்கமும் தப்பு' என்று பேசும் ஆலோசகர் அடிக்கிறவர் பக்கம் நிற்கிறார்.

சேர்த்துவைக்கும் பெருமை எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இந்தத் துறைக்கே பிறவி வியாதி அது. அமெரிக்காவில் 1930இல் லாஸ் ஏஞ்சலிஸில் குடும்ப ஆலோசனை நிலையம் தொடங்கிய பால் போப்பனோ, 'நல்ல இனம்' பெருக வேண்டும் என்று நம்பிய இனமேம்பாட்டுக்காரர். அவருக்குக் கல்யாணம் நிலைப்பதுதான் முக்கியம். உள்ளே இருக்கும் இருவர் அப்புறம். பிரிட்டனில் 1938இல் திருமண வழிகாட்டல் மன்றம் என்று தொடங்கிய அமைப்பு, 1988இல் பெயரை 'ரிலேட்' என்று மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து 'திருமணம்' போய், உறவு வந்தது. ஐம்பது வருட அனுபவம் அந்த ஒரு பெயர் மாற்றத்தில் இருக்கிறது.

ஆகவே, பிரிவதற்கும் ஆலோசனை உண்டு. "மியூச்சுவல் போட்டாச்சு" என்று வருவார்கள். பரஸ்பர சம்மதத்தில் மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இனிச் சேர வழியே இல்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் என்னிடம் நான்கு முறை வந்தார்கள். சேர்வதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் பிளஸ் டூ. தேர்வு நாட்களில் அவளோடு யார் இருப்பது, அவளிடம் எப்போது சொல்வது, யார் முதலில் சொல்வது, மற்றவரைப் பற்றி எந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் முடிந்தது. அம்மா அப்பா என்ற வேலை முடியவில்லை. என் இருபத்திரண்டு வருடத்தில் நன்றாக முடிந்த ஆலோசனைகளில் ஒன்றாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நடைமுறைக்குச் சில வார்த்தைகள். நம் நாட்டில் 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், ஒரு அமர்வுக்கு எவ்வளவு, நான் தனியாகச் சொல்வதை என் கணவரிடம் சொல்வீர்களா? "கண்டிப்பா சேத்து வைக்கிறேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஜாதகத்தைக் கேட்பவரிடமிருந்தும்தான். துணைவர் வரமாட்டேன் என்றால் ஒருவர் மட்டும் வரலாம். ஒருவர் பேசும் விதம் மாறினாலே வீட்டில் ஏதோ ஒன்று அசையும். மனம் தாங்காத இரவில் அழைக்க 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது; இலவசம், தமிழில் பேசலாம். அடி விழுகிற வீடு என்றால் 181, பெண்களுக்கான உதவி எண். வழக்கு என்று போனால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

நேரம் தாண்டிவிட்டது. கூட்டம் முடிந்ததும் நடக்கப் போவது எனக்குத் தெரியும். எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மெதுவாக வந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு மேடம்..." என்று ஆரம்பிப்பார். எந்த ஊரில் பேசினாலும் அந்த ஒருவர் வருகிறார். தெரிந்த ஒருவர் யார் என்று நான் கேட்பதில்லை. பின்வரிசை நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்வரை நான் வாசல் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பேன்.